முதலில் யார், அப்புறம் யார்: கிறிஸ்தவக் குடும்பத்தில் முன்னுரிமைகளைத் தீர்மானிக்க ஒரு முழு வழிகாட்டி

நம் சபைகளில் ஒரு வரிசை சொல்லிக் கொடுப்பார்கள். முதலில் தேவன், அடுத்து குடும்பம், அப்புறம் ஊழியம், கடைசியில் வேலை. திருமண ஆயத்த வகுப்பில் சொல்வார்கள், வாலிபர் முகாமில் சொல்வார்கள், குடும்ப ஞாயிறு பிரசங்கத்தில் மறுபடியும் சொல்வார்கள். நல்ல வரிசைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்குப் பாடகர் குழு பயிற்சி, மறுநாள் மகனுக்குக் கணக்குப் பரீட்சை, ஆபீசிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு அவசர வேலை, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று ஊரிலிருந்து போன், இந்த நான்கும் ஒன்றாக வந்து நிற்கிறபோது அந்த வரிசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அப்படி ஒரு நேரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதை முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து தீர்மானித்து வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன், அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வரும். நீங்கள் பெந்தெகொஸ்தே சபையோ கத்தோலிக்கத் திருச்சபையோ, பெயர்கள் மாறும், வீட்டுக்குள் நடப்பது பெரிதாக மாறாது.

படி 1: தேவனையும் சபை வேலையையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

எல்லாமே இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால் இதில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கப் போகிறேன்.

"தேவனுக்கு முதலிடம்" என்று சொல்லிக்கொண்டு நாம் நடைமுறையில் முதலிடம் கொடுப்பது கமிட்டிக் கூட்டத்துக்கு, கேரல் ரவுண்ட்ஸுக்கு, சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை ஏற்பாட்டுக்கு, கன்வென்ஷன் பந்தல் வேலைக்கு. இவை எல்லாம் நல்ல வேலைகள். ஆனால் இவை தேவன் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட வீடுகளில் மனைவிக்கு வாயைத் திறக்கவே வழி இருக்காது, ஏனென்றால் "நீங்க வீட்ல இருக்கிறதே இல்ல" என்று அவர் சொன்னால் அது கணவனுக்கு எதிரான புகாராக இல்லாமல் கர்த்தருக்கு எதிரான முறுமுறுப்பாக ஆகிவிடும். ஒரு மனுஷியை இப்படி ஒரு மூலையில் நிறுத்துவது பெரிய அநியாயம்.

வேதம் இந்த இடத்தில் மிகத் தெளிவாகப் பேசுகிறது. 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் விதவைகளைப் பற்றி எழுதும்போது பவுல், பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் "முதலாவது தங்கள் சொந்தக் குடும்பத்தைத் தேவபக்தியாய் விசாரித்து" நடக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்கிறார். வீட்டை விசாரிப்பதே தேவபக்தி. தேவபக்திக்குப் போக மிச்சமிருக்கிற நேரத்தில் வீட்டைப் பார் என்று அவர் எழுதவில்லை. எட்டாம் வசனம் இன்னும் கடினமானது: தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன். மூப்பர் தேர்தலில் நிற்கிற எல்லாரும் மூன்றாம் அதிகாரத்தையும் ஒருமுறை வாசிக்க வேண்டும். சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

அப்படியென்றால் குடும்பம்தான் எல்லாவற்றுக்கும் மேலா? இல்லை. தகப்பனையோ தாயையோ, மகனையோ மகளையோ என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 10:37). இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? நான் புரிந்துகொண்டது இதுதான்: தேவனுக்கு முதலிடம் என்பது எத்தனை மணி நேரம் என்ற கணக்கு கிடையாது, யாருக்குக் கீழ்ப்படிகிறோம் என்ற கணக்கு. மகனுக்கு சீட் வாங்க லஞ்சம் கொடுக்கலாமா என்று வருகிறபோது தேவனுக்கு முதலிடம். "நாங்க எதுவும் கேட்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடுறத போடுங்க" என்று நாசூக்காக வரதட்சணை பேசுகிற இடத்தில் அம்மா அப்பா முகத்தைப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்வது தேவனுக்கு முதலிடம். ஒரே திருவிருந்து மேசையில் முழங்கால்படியிடுகிறவர்கள் கல்யாணம் என்று வந்ததும் சாதி பார்க்கிறார்களே, அங்கே குடும்பத்தை எதிர்த்து நிற்பது தேவனுக்கு முதலிடம். இப்படிப்பட்ட இடங்களில் குடும்பத்துக்கு வளைந்து கொடுத்துவிட்டு, வாரத்தில் நான்கு நாள் கூட்டத்துக்குப் போய் அதை ஈடுகட்டப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, ஊழியம் பெரிதாக இருந்தால்? இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரியை நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம், அவர் வேலையின் அருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அவர் மனைவி டாரத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இந்தியாவுக்கு வர முதலில் மறுத்தவர், கடைசி நேரத்தில் கைக்குழந்தையோடு சம்மதித்து 1793-இல் வந்து சேர்ந்தார். மறு வருஷமே பீட்டர் என்ற ஐந்து வயது மகன் இறந்துபோனான். அதன் பிறகு அவர் மனநிலை குலைந்து, 1807-இல் இறக்கும்வரை தேறவே இல்லை. பையன்கள் கண்டிக்க ஆளில்லாமல் வளர்ந்ததைப் பார்த்து செராம்பூரில் உடன் ஊழியரான ஹன்னா மார்ஷ்மன்தான் அவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கேரியைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்து மருத்துவம் வேறு, சூழ்நிலை வேறு. ஆனால் "அவரைப் போல எல்லாவற்றையும் விட்டுக் கொடு" என்று மேடையில் சொல்கிறவர்கள் டாரத்தியின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படி 2: ஒரு வாரத்தை எழுதிப் பாருங்கள்

எது முக்கியம் என்று நம்மிடம் கேட்டால் எல்லாரும் சரியான பதில்தான் சொல்வோம். நேரமும் பணமும் வேறு பதில் சொல்லும். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதுங்கள். பழைய டைரி போதும்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஆறு நாள் வேலைக்குப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு ஒன்பது மணி நேரம் வேலை என்றால் 54. போக வர ஒன்றரை மணி நேரம் வீதம் 9. ஏழு மணி நேரத் தூக்கம் 49. குளிக்க, சாப்பிட, கடைக்குப் போக நாளுக்கு இரண்டரை என்று வைத்தால் 17.5. இப்போதே 129.5 போய்விட்டது, மிச்சம் 38.5. இதில் ஞாயிறு ஆராதனையும் அதை ஒட்டிய கூட்டங்களும் 5, பாடகர் குழு 2, வீட்டு ஜெபக்கூட்டம் 2, கமிட்டி 2, இன்னொரு ஊழியம் 2 என்று 13 மணி நேரம் சபைக்கு. போன் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 14. கடைசியில் நிற்பது 11.5 மணி நேரம், அதாவது நாளுக்கு ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல். மனைவி, பிள்ளைகள், இரண்டு பக்கத்துப் பெற்றோர், தனி ஜெபம், வேத வாசிப்பு, எல்லாம் இதற்குள்.

உங்கள் கணக்கு வேறாக இருக்கும். வீட்டிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிற பெண்களின் கணக்கில் பெரும்பாலும் தூக்கம் ஐந்தரை மணி நேரமாகச் சுருங்கி இருக்கும், சமையலறை தனியாக ஒரு வேலை அளவுக்கு நீளும். அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையிலே தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா என்று 127-ஆம் சங்கீதம் சொல்வதை இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் வேறு மாதிரி கேட்கும்.

பணத்துக்கும் இதையே செய்யுங்கள். ஜிபே பட்டியலைத் திறந்து போன மாதம் எங்கே போனது என்று நான்கு தலைப்பில் பிரித்தால் போதும்: கடன் தவணை, வீட்டுச் செலவு, பிறருக்குக் கொடுத்தது, மற்றவர் பார்வைக்காகச் செய்தது. கடைசித் தலைப்பில் நேர்மையாக எழுதுங்கள்.

படி 3: கணவன் மனைவி மட்டும் உட்கார்ந்து பேசுங்கள்

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பேச ஒரு நேரம் வேண்டும். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் அறைக்குள் கதவைச் சாத்தினால் அதற்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் மொட்டை மாடியோ மாலை நடையோ நல்லது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த அலுப்பிலும், சம்பளம் தீர்ந்த மாதக் கடைசியிலும் வேண்டாம்.

முதல் தடவை தீர்ப்பு எதுவும் எழுதாதீர்கள். மூன்று கேள்விகளை மட்டும் ஒருவரையொருவர் கேளுங்கள், பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். நான் வீட்டில் இல்லாததால் எது உனக்கு அதிகமாக வலிக்கிறது? நான் செய்கிற எந்தக் காரியத்தை நீ மனதார ஆதரிக்கிறாய், எதைச் சகித்துக்கொண்டு மட்டும் இருக்கிறாய்? அடுத்த ஆறு மாதத்தில் நம் வீட்டில் யாருக்கு நாம் அதிகம் தேவைப்படுவோம்? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது, அதற்கு வருகிற பெயர் பல வீடுகளில் யாரும் எதிர்பார்க்காத ஆளாக இருக்கும். சத்தம் போடாத இரண்டாவது பிள்ளையோ, "எனக்கொண்ணும் இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே மெலிந்து வருகிற மாமனாரோ.

பேசும்போது வசனத்தை எடுத்து அடிக்கக் கூடாது. "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்பதைக் கணவன் எடுக்க வேண்டாம், "புருஷர்களே, அன்புகூருங்கள்" என்பதை மனைவி எடுக்க வேண்டாம். அவரவருக்கு எழுதிய வசனத்தை அவரவர் வாசித்தால் சண்டை பாதியாகக் குறையும். ஜெபத்துக்காகப் பிரிந்திருப்பதைக்கூட இருவரும் சம்மதித்து, சில காலத்துக்கு மட்டும் செய்யுங்கள் என்றுதான் பவுல் சொல்கிறார் (1 கொரிந்தியர் 7:5). அப்படி ஜெபத்துக்காகப் பிரிந்திருக்கவே துணையின் சம்மதம் வேண்டும் என்கிற மார்க்கத்தில், சங்கத்துச் செயலாளர் பதவியை வீட்டில் கேட்காமல் ஒப்புக்கொண்டு வருவது எப்படி நியாயமாகும்?

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. உபாகமம் 24:5-இல், புதுப் பெண்ணை மணந்தவன் ஒரு வருஷம் யுத்தத்துக்குப் போக வேண்டாம், எந்த வேலையும் அவன்மேல் சுமத்த வேண்டாம், வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று ஒரு சட்டமே இருந்தது. நம் சபைகளில் நேர்மாறாக, கல்யாணமாகி வந்த ஜோடியை அடுத்த மாதமே ஞாயிறு பள்ளி ஆசிரியர்களாகப் போட்டுவிடுகிறோம். முதல் வருஷம் ஆராதனைக்குப் போங்கள், பொறுப்பு எதுவும் எடுக்காதீர்கள்.

படி 4: "எனக்குப் பதில் இதை இன்னொருவர் செய்ய முடியுமா?"

நான் பார்த்தவரை இந்த ஒரு கேள்வி, அந்த நான்கு வரி வரிசையைவிட அதிகம் உதவுகிறது. உங்கள் வாராந்தரப் பொறுப்புகளை ஒரு பக்கமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த இடத்தில் நிற்கக்கூடிய இன்னொரு ஆளின் பெயரை எழுதுங்கள்.

பாடகர் குழுவில் பேஸ் பாட ஆள் கிடைப்பார். காணிக்கை எண்ண இன்னொருவர் வருவார். ஆபீசில் உங்கள் நாற்காலியில் நீங்கள் ராஜினாமா கொடுத்த மாதமே வேறொருவர் உட்கார்ந்திருப்பார். உங்கள் மகளுக்கு அப்பா என்ற இடத்துக்கு எதிரே எழுதப் பெயர் கிடையாது. பெயர் எழுத முடியாதவை முதலில் உங்கள் வாரத்துக்குள் போக வேண்டும். மற்றவை மிச்ச இடத்தில்.

யாத்திராகமம் 18-ஐ இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். நாம் அதை நிர்வாகப் பாடமாகத்தான் கேட்டிருக்கிறோம், ஆயிரம் பேருக்கு ஒரு தலைவர், நூறு பேருக்கு ஒரு தலைவர் என்று. அதிகாரத்தின் தொடக்கத்தைக் கவனியுங்கள். மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டுதான் மாமனார் எத்திரோ வனாந்தரத்துக்கு வருகிறார். மறுநாள் பார்த்தால் மருமகன் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்களுக்கு நியாயம் தீர்த்துக்கொண்டே இருக்கிறான். "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். குடும்பத்துக்காக அப்படிச் சொன்னார் என்று வேதம் சொல்லவில்லை, ஆனால் மகளையும் பேரன்களையும் கூட்டிவந்த ஒரு தகப்பன் அதைச் சொல்கிறார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. அவர் சொன்ன வழியும் இதே கேள்விதான்: பெரிய வழக்கு உன்னிடம் வரட்டும், சின்னதை வேறு ஆட்கள் பார்க்கட்டும்.

படி 5: பெற்றோரை எந்த இடத்தில் வைப்பது

நம்முடைய வீடுகளில் அதிகமான சண்டை இங்கேதான். ஆதியாகமம் 2:24 புருஷன் தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடு இசைந்திருப்பான் என்கிறது. பத்துக் கட்டளை உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்கிறது. ஒன்று முடிவெடுக்கிற இடத்தைப் பற்றியது, மற்றொன்று பராமரிப்பைப் பற்றியது என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். எங்கே வீடு எடுப்பது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, சம்பளத்தை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் கணவனும் மனைவியும் எடுக்கிற முடிவு. அம்மாவின் கண் ஆபரேஷன், அப்பாவின் சர்க்கரை மாத்திரை, மாதத்துக்கு ஒரு தொகை, வாரத்துக்கு இரண்டு போன், இவை கனம்பண்ணுதல். முடிவை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பராமரிப்பை மனைவி தலையில் போடுகிற வீடுகள் உண்டு. அது இரண்டு கட்டளையையும் ஒரே நேரத்தில் மீறுவது.

இரண்டு பக்கத்துப் பெற்றோரும் பெற்றோர்தான். மருமகள் தன் அத்தைக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டும், ஆனால் தன் சொந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இரண்டு நாள் போய் இருக்க அனுமதி கேட்க வேண்டும் என்ற நிலைமைக்கு வேதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. மனைவி சம்பாதித்தால் அவர் பெற்றோருக்கு ஒரு தொகை மாத பட்ஜெட்டில் எழுதப்பட்டே இருக்கட்டும், சம்பாதிக்காவிட்டாலும் இருக்கட்டும்.

மாற்கு 7-இல் இயேசு கோபமாகப் பேசுவதும் இதைப் பற்றித்தான். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டு கைவிரிக்கிறவர்களை அவர் கண்டிக்கிறார். அப்பாவின் ஆஸ்பத்திரி பில் பாக்கி இருக்க, ஆலயக் கட்டட நிதிப் பலகையில் பெயர் வருவதற்காகப் பணம் கட்டுகிறவர்கள் அந்தப் பகுதியை மெதுவாக வாசிக்க வேண்டும். சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் தாயை யார் வீட்டில் விடுவது என்று அவர் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார் (யோவான் 19:26, 27).

படி 6: பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமையும்

பத்தாம் வகுப்பு வந்தவுடன் பாடகர் குழுவை விடச் சொல்வோம், பதினொன்றில் ஞாயிறு பள்ளி, பன்னிரண்டில் நீட் கோச்சிங் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கிறார்கள் என்று ஆராதனை. இரண்டு வருஷம் கழித்து கல்லூரி விடுதிக்குப் போன பையன் ஆலயத்துக்குப் போவதில்லை என்று போதகரிடம் போய் ஜெபிக்கச் சொல்வோம். படிப்பைவிட ஆராதனை சின்னது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

என் கருத்து: ஞாயிறு காலை ஆராதனை ஒன்றை மட்டும் எந்தப் பரீட்சைக்கும் தொடாதீர்கள். அது தவிர மற்ற எல்லாவற்றிலும் தாராளமாக இருங்கள். பரீட்சை வருஷத்தில் வாலிபர் கூட்டம் வேண்டாம், கேரல் வேண்டாம், நாடகம் வேண்டாம், போதகர் கேட்டாலும் நீங்களே "இந்த வருஷம் வேண்டாம் ஐயா" என்று சொல்லிவிடுங்கள். கோச்சிங் சேர்க்கும் முன்பே ஞாயிறு நேரத்தை விசாரியுங்கள். மாலை பேட்ச் இருக்கிற இடங்கள் உண்டு, காலை ஆறரை மணி ஆராதனை இருக்கிற ஆலயங்களும் உண்டு.

குடும்ப ஜெபம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், பத்துப் பதினைந்து வசனம் ஆளுக்குக் கொஞ்சமாக வாசிப்பு, அன்றைக்கு நடந்த ஒரு விஷயத்தை ஒவ்வொருவரும் சொல்வது, ஒரு சின்ன ஜெபம். ஜெபத்துக்குள் பிள்ளையைத் திட்டக் கூடாது, "ஆண்டவரே, இவனுக்குப் படிப்பில் கவனத்தைக் கொடும்" என்று அவன் மார்க்கைப் பற்றிக் கர்த்தரிடம் புகார் சொல்வதும் திட்டுதான், அவனுக்கு அது நன்றாகவே புரியும். பிதாக்களே, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் 6:4 தகப்பன்மாரைப் பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. உபாகமம் 6 சொல்கிற இடங்களையும் பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. பைக்கில் பள்ளிக்குக் கொண்டுவிடுகிற இருபது நிமிடம் இந்தக் கணக்கில் சேரும், போன் பையில் இருந்தால்.

கண்டிப்பதும் உங்கள் வேலைதான். தாவீதின் மகன் அதோனியாவைப் பற்றி 1 இராஜாக்கள் 1:6 சொல்கிறது, "நீ இப்படிச் செய்வானேன்" என்று தாவீது அவனை ஒருக்காலும் கடிந்துகொள்ளவில்லை. நேரம் கொடுக்காத குற்ற உணர்ச்சியில் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கிற பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

படி 7: பணம்

இதில் சுருக்கமாகவே சொல்கிறேன். தசமபாகத்தை, அதாவது தேவனுக்கென்று கொடுக்கிற பத்தில் ஒரு பங்கை, மாத ஆரம்பத்திலேயே தனியாக எடுத்து வையுங்கள், இருவரும் ஒத்துக்கொண்ட தொகையாக இருக்கட்டும். கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். கடன் வாங்கிப் பண்டிகையும் கொண்டாடாதீர்கள், வீட்டுப் பிரதிஷ்டைக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கும் மண்டபம் பிடிப்பதை எதற்காகச் செய்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். ஓவர்டைம் வருமானத்தால் வாங்கியது என்ன, இழந்தது என்ன என்று படி 2-இல் எழுதிய இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும். பகையோடு சாப்பிடும் கொழுத்த எருதின் கறியைவிடச் சிநேகத்தோடு சாப்பிடும் இலைக்கறியே நல்லது என்று நீதிமொழிகள் 15:17 சொல்கிறது.

படி 8: மறுப்பதற்கான வார்த்தைகளை முன்பே தயார் செய்யுங்கள்

தீர்மானமெல்லாம் எடுத்துவிட்டு ஆலய வாசலில் போதகர் தோளில் கை போட்டவுடன் "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டால் எல்லாம் வீண். அதனால் வாக்கியமாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போதகரிடம்: "ஐயா, வீட்ல கேட்டுட்டு புதன்கிழமை சொல்றேன்." இந்த ஒரு வாக்கியம் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். மறுக்க வேண்டியிருந்தால், "இந்த வருஷம் மகனுக்கு நான் சாயங்காலம் வீட்ல தேவை, அடுத்த ஜூன்ல நீங்க மறுபடி கேளுங்க ஐயா." காரணத்தை நீட்டாதீர்கள், நீட்டினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தீர்வு வரும். மேலதிகாரியிடம்: "ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மேல பார்த்துத் தரேன் சார்." சொந்தக்காரர்களிடம், மாதத்துக்கு நான்கு விசேஷம் வரும்போது: "கல்யாணத்துக்கு நான் வரேன் அத்தை, நிச்சயத்துக்கு அவங்க வருவாங்க." எல்லாரும் எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை.

ஒப்புக்கொண்டதை அரைகுறையாகச் செய்யாதீர்கள். எடுத்த ஒரு பொறுப்பை முழு மனதோடு செய்கிறவர் மறுக்கும்போது யாரும் தப்பாக நினைப்பதில்லை.

படி 9: பருவம் மாறும்போது தாளையும் மாற்றுங்கள்

கைக்குழந்தை இருக்கிற வருஷமும், பன்னிரண்டாம் வகுப்பு இருக்கிற வருஷமும், அப்பா படுக்கையில் கிடக்கிற வருஷமும் ஒன்றல்ல. வருஷத்துக்கு இரண்டு முறை, பள்ளி திறக்கும் முன் மே கடைசியிலும் கிறிஸ்துமஸ் வேலைகள் ஆரம்பிக்கும் முன் நவம்பரிலும் உட்காருங்கள். டிசம்பருக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கேரல், நாடக ஒத்திகை, பலகாரம், உடுப்பு, ஆராதனை என்று அந்த மாதத்தில் அம்மாமார்தான் அதிகம் நொறுங்குகிறார்கள். முறுக்கும் அதிரசமும் கடையில் வாங்கினால் கிறிஸ்துமஸ் குறைந்துவிடாது.

சில வீடுகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது

கணவர் வளைகுடாவில் இருந்தால், தினமும் பத்து நிமிடம் எல்லாரையும் போனில் பார்ப்பதைவிட, வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியாகப் பேசுவது நல்லது. எந்த வருஷம் திரும்பி வருவது என்பதை ஒரு தேதியாக எழுதுங்கள், "கடன் முடிஞ்சதும்" என்பது தேதி ஆகாது.

துணை விசுவாசத்தில் இல்லையென்றால், கூட்டங்களைக் குறைத்துக்கொண்டு வீட்டில் இருங்கள். வார்த்தை இல்லாமல் நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தலாம் என்று பேதுரு சொன்னது (1 பேதுரு 3:1) வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் முடியும்.

அடி விழுகிற வீடாக இருந்தால் மேலே சொன்ன எந்தப் படியும் முதலில் இல்லை. உயிரும் பிள்ளைகளும்தான் முதலில். "குடும்பத்தைக் காப்பாத்தும்மா, ஜெபம் பண்ணிட்டுப் பொறுத்துப்போ" என்று யார் சொன்னாலும், அங்கி போட்டவரே சொன்னாலும், கேட்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098. நம்பகமான ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டு அங்கிருந்து கூப்பிடுங்கள்.

தனியாகப் பிள்ளை வளர்க்கிற அம்மாவுக்கோ அப்பாவுக்கோ படி 4-இல் இன்னொரு பெயர் எழுதவே ஆள் இருக்காது. அங்கே சபைதான் பெயர் கொடுக்க வேண்டும். சாயங்காலம் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஒருவர், ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒருவர். இதைச் செய்வதும் ஊழியம்தான், மேடை இல்லாத ஊழியம்.

கடைசியாக, போதகர் வீடு. ஐயரம்மாவும் (போதகரின் மனைவி) பிள்ளைகளும் சபைக்குப் பொதுச் சொத்து என்பது போல நாம் நடத்துகிறோம். பெரும்பாலான போதகர்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள் இல்லை, எனவே திங்கட்கிழமையை அவர்களுக்கு விட்டுவிடச் சபையாகத் தீர்மானம் போடுங்கள். சாவும் ஆஸ்பத்திரியும் அவசரம், அதற்கு எந்த நேரமும் கூப்பிடலாம். ஞானஸ்நானச் சான்றிதழும், கல்யாண ஓலை (ஆராதனையில் வாசிக்கிற திருமண அறிவிப்பு) வாசிக்கிற விவரமும், கமிட்டிச் சண்டையும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கேட்டுக்கொள்ளலாம்.